இரட்சிப்பின் நம்பிக்கை ஒரு சபைத் தலைவருக்குள் என்ன செய்கிறது?

கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மக்கெதோனியாவின் துறைமுக நகரமான தெசலோனிக்கேயில் ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டம் உருவானது. அதைத் தொடங்கிய அப்போஸ்தலர் பவுலால் அங்கே நெடுநாள் தங்க முடியவில்லை. ஊரில் கலகம் மூண்டது. அவருக்கு இடம் கொடுத்த யாசோனை நகரத்து அதிகாரிகளிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். சகோதரர்கள் பவுலையும் அவருடைய உடன் ஊழியர் சீலாவையும் இரவோடு இரவாக பெரோயாவுக்கு அனுப்பிவைத்தார்கள். விட்டுவந்த சபை என்ன ஆயிற்றோ என்று தவித்த பவுல் பிறகு எழுதியதுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபம், அதாவது கடிதம். புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்துகளில் அதுவும் ஒன்று.

நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு போர்வீரனின் உடை வருகிறது. விசுவாசமும் அன்பும் மார்க்கவசம். இரட்சிப்பின் நம்பிக்கை தலைச்சீரா, அதாவது தலைக்கவசம். இந்த உடை பவுலின் சொந்தக் கற்பனை அல்ல. ஏசாயா 59-ஆம் அதிகாரத்தில் தேவனே இரட்சிப்பைத் தலைச்சீராவாக அணிந்துகொண்டு வருகிறார். அதை எடுத்து, பிறந்து அதிக காலம் ஆகாத ஒரு சபையின் தலையில் பவுல் வைக்கிறார்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வரிசை. தலைச்சீரா எட்டாம் வசனத்திலேயே எல்லாருக்கும் கொடுக்கப்பட்டுவிடுகிறது. உங்களை நடத்துகிறவர்களை மதியுங்கள் என்ற பேச்சு பன்னிரண்டாம் வசனத்தில்தான் வருகிறது. தலைவருக்கென்று தனியான, உயர்தரமான நம்பிக்கை எதுவும் இல்லை. நேற்று ஞானஸ்நானம் பெற்றவருக்கு எது உண்டோ அதுவேதான் பேராயருக்கும். பதவி வந்ததால் இந்த நம்பிக்கை கூடுவதில்லை. ஆகவே பதவி போனால் குறைவதும் இல்லை. ஒரு கிறிஸ்தவத் தலைவரின் வாழ்க்கையை இது எப்படி வடிவமைக்கிறது என்ற கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

எது அந்த நம்பிக்கை?

இயேசு கிறிஸ்துவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் தேவன் மனிதரைப் பாவத்திலிருந்தும் அதன் பிடியிலிருந்தும் மரணத்திலிருந்தும் விடுவிப்பதையே இரட்சிப்பு என்கிறது கிறிஸ்தவம். மீட்பு என்றும் சொல்வார்கள். பவுலின் நிருபங்களில் இது மூன்று காலங்களிலும் பேசப்படுகிறது. எபேசியருக்கு எழுதும்போது இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது இரட்சிக்கப்படுகிற நாம் என்கிறார். ரோமருக்கு எழுதும்போது இனி இரட்சிக்கப்படுவோம் என்கிறார். நடந்து முடிந்த ஒன்றின் மேல் கால் ஊன்றிக்கொண்டு, இன்னும் வராத ஒன்றை எதிர்நோக்குவதே இரட்சிப்பின் நம்பிக்கை. வரப்போவது உடலைத் துறந்த ஆத்துமா எங்கோ மேலே மிதக்கும் நிலை அல்ல. மரித்தோர் எழுவது, நியாயம் நிலைநாட்டப்படுவது, மரணமே ஒழிவது, கிறிஸ்துவை முகமுகமாய்க் காண்பது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

நடந்தால் நல்லது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எபேசியர் முதல் அதிகாரத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. பரிசுத்த ஆவியானவர் நம் சுதந்தரத்தின், அதாவது நமக்கு வரவேண்டிய உரிமைச் சொத்தின், அச்சாரம் என்கிறார் பவுல். நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இது உடனே புரியும். முழுத் தொகை வரவில்லை, பத்திரம் பதிவாகவில்லை. ஆனால் அச்சாரம் கைமாறிவிட்டது. இனி இரு தரப்பும் அதை வைத்துத்தான் நடந்துகொள்வார்கள். இங்கே அச்சாரம் போட்டிருப்பவர் தேவன் என்பது கிறிஸ்தவரின் துணிவு.

எவ்வளவு உறுதியாக இதைச் சொல்லலாம் என்பதில் சபைகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. இரட்சிப்பின் நிச்சயத்தை ஒரு விசுவாசி இப்போதே உடையவராக இருக்கலாம் என்று சீர்திருத்தச் சபைகள் பலவும் அழுத்திச் சொல்கின்றன. நம்பிக்கையை விசுவாசம், அன்பு ஆகியவற்றோடு சேர்த்து மூன்று இறைப் புண்ணியங்களில் ஒன்றாக வைக்கும் கத்தோலிக்க மரபு, அதற்கு எதிரான பாவங்கள் இரண்டு என்கிறது: மனம் உடைந்து கைவிடுவது ஒன்று, எப்படியும் கிடைத்துவிடும் என்று துணிந்து திரிவது மற்றொன்று. முதன்முதலாக இதைப் படிக்கிறவர்கள் அந்தச் சர்ச்சைக்குள் இப்போது போகத் தேவையில்லை.

ஊழியத்தின் பலனும் ஊழியரின் பெயரும்

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் மகிழ்ச்சியோடு திரும்பி வருகிறார்கள். உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகின்றன என்கிறார்கள். இன்றைய மொழியில் சொன்னால், அறிக்கை பிரமாதம். இயேசு அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் பெயர்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார்.

கிறிஸ்தவத் தலைமை பற்றி இதைவிடக் கூர்மையான ஒரு வார்த்தை சுவிசேஷங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பலன் நிறையக் கிடைத்த நாளில் இது சொல்லப்பட்டது. தோற்றுப்போனவர்களைத் தேற்றச் சொன்ன வார்த்தை அல்ல. வெற்றி பெற்றவர்களுக்குச் சொன்னது. தான் யார் என்பதை ஊழியத்தின் பலன் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் தலைவருக்குச் சபை ஏணியாகிவிடுகிறது. கூட்டம் குறைந்தால் கோபம், கூடினால் பெருமை. தன்னைவிட நன்றாகப் பிரசங்கிக்கும் உதவி ஆயரைக் கண்டால் தூக்கம் வராது. பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்று மெய்யாகவே நம்புகிறவருக்கு, அந்த உதவி ஆயர் பிரசங்கிக்கும்போது மனம் விட்டு ஆமென் சொல்ல முடியும்.

பேதுருவின் முதலாம் நிருபம் 5-ஆம் அதிகாரம் இதையே சபையின் மூப்பர்களிடம் நேராகப் பேசுகிறது. அவலட்சணமான ஆதாயத்துக்காக மந்தையை மேய்க்காதீர்கள். அதை இறுமாப்பாக ஆளாதீர்கள். பிரதான மேய்ப்பர் வெளிப்படும்போது வாடாத கிரீடம் உங்களுக்கு வரும் என்கிறது. ஒரு கிரீடம் வரப்போகிறது என்று நம்புகிறவர் இங்கே இன்னொன்றைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லை. இதைத் தெரியாதவர்கள் நம் திருமண்டலங்களில், அதாவது பேராயர்களின் கீழ் இயங்கும் சபைப் பகுதிகளில், யாரும் இல்லை. ஆனாலும் தேர்தல் வந்துவிட்டால் அணிகள், துண்டறிக்கைகள், இடைக்காலத் தடை கேட்டு நீதிமன்றத்துக்கு ஓட்டம் என்று ஒரு பருவமே நடந்து முடிகிறது. மறுவாரம் அதே பீடத்திலிருந்து வாடாத கிரீடம் பற்றிய வேதபாடம் வாசிக்கப்படுகிறது. வேறு என்ன சொல்ல?

பணத்திலும் இது தெரிந்தது. தெசலோனிக்கேயில் இருந்தபோது, ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் கையால் வேலைசெய்தோம் என்று பவுலே நினைவுபடுத்துகிறார். கூடாரம் செய்வது அவர் தொழில். சபையிடமிருந்து உதவி பெறும் உரிமை ஊழியருக்கு உண்டு என்று வேறு இடத்தில் வாதாடியவரும் அவரே. உரிமை இருந்தும் அவர் அதை வற்புறுத்தவில்லை.

சிறையும் சவ அடக்கமும்

பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் சிறையிலிருந்து போனது. தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாத நிலை. அதில் பவுல் இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறார். தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருப்பது தனக்கு அதிக நன்மை, தேகத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம் என்கிறார். முடிவில் அவசியத்தின் பக்கம் சாய்கிறார். மறுமையைக் குறித்த நம்பிக்கை மனிதரை இந்த உலகத்துக்கு உதவாதவர்களாக ஆக்கிவிடும் என்ற குற்றச்சாட்டை அடிக்கடி கேட்கிறோம். இந்த மனிதரிடம் நடந்தது நேர்மாறானது. சாவைப் பற்றிய பயம் இல்லாததால், எஞ்சிய நாட்களை யாருக்காகச் செலவிடுவது என்று நிதானமாக யோசிக்க அவரால் முடிந்தது.

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஓட்டத்தை முடித்தேன், நீதியின் கிரீடம் எனக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்ற உச்சத்துக்கு எட்டாம் வசனத்தில் போனவர், ஐந்து வசனம் தள்ளி, துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்துவந்த மேலங்கியைக் கொண்டுவா, புத்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவா என்று கேட்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படி கெஞ்சுகிறார். குளிர் அடிக்கும், படிக்க ஏதாவது வேண்டும், தனியாக இருக்கிறேன். கிரீடத்தின் நம்பிக்கை இவை எதையும் அவமானமாக ஆக்கவில்லை. தனக்கு எந்தத் தேவையும் இல்லாதது போல நடிக்கும் ஆவிக்குரிய தலைவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பவுல் அந்த ரகம் அல்ல.

துக்க வீடும் அப்படித்தான். தெசலோனிக்கே சபையில் சிலர் மரித்துப்போனார்கள், மற்றவர்கள் கலங்கினார்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல நீங்கள் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை. உடன் ஊழியரான எப்பாப்பிரோதீத்து வியாதியால் மரணத்துக்குச் சமீபமாய்ப் போனபோது, அவன் பிழைத்திராவிட்டால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாகியிருக்கும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர். லாசருவின் கல்லறையில் இயேசுவே கண்ணீர் விட்டார். அடக்க ஆராதனையில் குடும்பத்தாரை அழவிடாமல் அல்லேலூயா சொல்லவைக்கும் போதகர் நம்பிக்கையை நிலைநாட்டுவதாக எண்ணிக்கொள்கிறார். அவர்களுக்கு அருகில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான் நம்பிக்கை அதிகமாகத் தேவைப்படும்.

தோர்ணக்கல்லுக்குப் போன தமிழர்

வேதாகமக் காலத்தோடு நிறுத்திக்கொண்டால் இது பழங்கதை போலத் தோன்றலாம். நமக்கு மிக அருகில் ஒருவர் இருக்கிறார். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை கிராமத்துக் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா எங்கும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபை அவர்களைவிடப் பெரியது. ஆனால் அப்படி ஒரு வேலையில் அது இறங்கியிருக்கவில்லை. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை.

சங்கத்தின் வயல் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் பகுதி. இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது. மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்த அசரியா 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே அங்கே போனார். நாடு முழுதும் பெயர் தெரிந்த ஒருவர், முப்பத்தைந்து வயதில், தெலுங்கு பேசும் கிராமங்களுக்கு மிஷனெரியாகப் போவது முன்னேற்றம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசினார். வெளிநாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை வாயாரப் புகழ்ந்துவிட்டு, உங்கள் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். 1 கொரிந்தியர் 13-ஐ அவர்களுக்கு நேராகவே திருப்பிய பேச்சு அது. அவையில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. மிஷனெரிகளின் ஆதரவில் வளர்ந்த ஒருவர், அவர்களுடைய மாநாட்டிலேயே நின்று அப்படிப் பேசியிருக்கிறார். அவருடைய உள்ளத்தைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் அந்த அவையின் அங்கீகாரத்தையே கடைசித் தீர்ப்பாக எண்ணியவர் அங்கே அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று சொல்லலாம்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் மரபில் வந்த ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியர் எப்படிப் பணிசெய்வது என்று மிஷனெரிகள் சிலர் எதிர்த்தார்கள். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு. தோர்ணக்கல்லில் திரளாகச் சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தலித் சமூகத்தினர், நிலமற்ற கூலிகள். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் தங்கள் தலைமேல் கையை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லும் வழக்கத்தை அசரியா ஏற்படுத்தினார். வார்த்தை பவுலுடையது. ஓர் அப்போஸ்தலர் தம்மைப் பற்றிச் சொன்னதை எழுத்தறியாத ஒரு கூலிப் பெண் தன் தலையில் கை வைத்துச் சொல்கிறாள். தலைவருக்கும் சபையாருக்கும் நம்பிக்கை ஒன்றே என்பதை நடைமுறையில் இப்படித்தான் காட்ட முடியும். அவருடைய மனைவி அன்பு அம்மையாரும் பெண்களுக்கான பணியில் தோள்கொடுத்தார்.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி என்ற பேச்சு எழுந்தபோது அசரியா அதை எதிர்த்தார். தன் மக்களுக்கு அரசியல் பங்கு தருகிற ஒன்றை ஒரு தலைவர் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. சபை ஓட்டுக் கணக்குக்கான ஒரு சாதிக்கூட்டமாகிவிடும் என்று அஞ்சினார். அவருக்கு எல்லாரும் நண்பர்களாக இருந்தார்கள் என்றும் இல்லை. 1930-களில் திரள் மதமாற்றங்களைக் காந்தியடிகள் கடுமையாகக் கண்டித்தபோது, அந்த விவாதத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் அசரியா முதன்மையானவர்.

1919-இல் தரங்கம்பாடியில் பல சபைகளின் ஊழியர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடுத்தார்கள். அதற்கு முன்நின்றவர்களில் அசரியாவும் ஒருவர். அதன்பின் கால் நூற்றாண்டு குழுக்கள், திருத்தங்கள், ஒத்திவைப்புகள். 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் அவர் காலமானார். அந்த இணைப்பின் விளைவான தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்றுதான் பிறந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு வேலையில் கையை வைத்து, அது முடியுமா என்று தெரியாமலே போவதற்கு ஒரு மனிதருக்கு எங்கிருந்தோ பலம் வர வேண்டியிருக்கிறது.

கெட்டுப்போகும் விதங்கள்

இந்த நம்பிக்கை தவறான கைகளில் மிகவும் கெட்டுப்போகும். தெசலோனிக்கேயிலேயே சிலர், கர்த்தர் சீக்கிரம் வருகிறார் என்ற பேச்சு இருந்த அந்தச் சபையில், வேலைக்குப் போகாமல் ஊர் வம்பில் திரிந்தார்கள். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும்கூடாது என்று இரண்டாம் நிருபத்தில் பவுல் கண்டிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து வருவார் என்று காத்திருந்தார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. பலருடைய விசுவாசம் சிதறியது. தேதி குறிக்கும் ஆசை அதற்குப் பிறகும் ஓயவில்லை. பயந்த கூட்டம் எளிதில் கீழ்ப்படியும் என்பதால், தலைவர்களுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. சபை நடத்தும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ கூலி உயர்வு கேட்கும் ஊழியரிடம், பலன் பரலோகத்தில் கிடைக்கும் என்று சொல்வது. இங்கே கிரீடம் தேடாமல் இருப்பதற்காகத் தரப்பட்ட நம்பிக்கையை, அடுத்தவரின் சம்பளத்தைப் பிடித்துவைக்கப் பயன்படுத்துகிறார்கள். வேலைக்காரரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிகளில் பட்டது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருப்பது அதே கர்த்தருடைய வருகையைப் பற்றிப் பேசும் பகுதியில்தான்.

அதனால்தான் புதிய ஏற்பாடு தலைவர்களுக்கு நம்பிக்கையைச் சொல்லும்போது கூடவே கணக்கையும் சொல்கிறது. ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்ணுகிறவர்கள் என்று எபிரெயர் 13 அவர்களை அழைக்கிறது. மற்றவர்களுக்குப் பிரசங்கம்பண்ணுகிற நானே ஆகாதவனாய்ப் போகாதபடிக்கு என் சரீரத்தை ஒடுக்குகிறேன் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். நிச்சயமும் பயமும் ஒரே மனிதருக்குள் எப்படி இருக்கும் என்று கேட்கலாம். நேசிக்கிறவர் வரப்போகிறார் என்பதில் சந்தேகம் இல்லாதவருக்கு, வரும்போது வீடு எப்படி இருக்க வேண்டும் என்ற கவலை இருக்காதா? கிறிஸ்துவின்மேல் இந்த நம்பிக்கை வைத்திருக்கிறவன் தன்னைச் சுத்திகரித்துக்கொள்கிறான் என்று யோவான் எழுதியதும் இந்தக் கணக்கில்தான்.

வேலை செய்ய முடியாமல் போகும்போது

செயலில் இருக்கும் வரை எல்லாத் தலைவர்களும் நம்பிக்கை உள்ளவர்களாகவே தெரிவார்கள். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். ஓயாமல் ஓடியாடியவருக்கு இருபது ஆண்டுகள் படுக்கை. அவர் அங்கிருந்தே எழுதினார், வந்தவர்களிடம் பேசினார், இல்லத்தின் பாரங்களை ஜெபத்தில் சுமந்தார். தம் கல்லறையின் மேல் கல் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நம் ஊர்ச் சபைகளில் இந்தச் சோதனை பெரும்பாலும் ஓய்வு பெறும் நாளில் வருகிறது. என்னிடம் கேட்டவைகளை மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க உண்மையுள்ள மனுஷரிடத்தில் ஒப்புவி என்று பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்னார்; ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை. நாற்பது ஆண்டுகள் பிரசங்கபீடத்தில் நின்ற ஒருவர், தன் பேரன் வயதுள்ள ஆயர் வந்து ஆராதனை நேரத்தை மாற்றும்போதும், தான் கட்டிய மண்டபத்துக்கு வேறு பெயர் வைக்கும்போதும் என்ன செய்கிறார் என்பதைச் சபையார் கவனிக்காமல் இருப்பதில்லை. சிலர் அன்று மாலையே பழைய கமிட்டி உறுப்பினர்களைத் தேநீருக்கு அழைத்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், அந்தச் சின்ன ஆயருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால், மறுவாரப் பிரசங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படுத்துக்கொள் தம்பி என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.